முப்பத்திரண்டு படி

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் எங்கள் அரங்கில் ஒரு ராணி கதையை இசை நாடகமாக மூன்று தடவை போட்டார்கள், மூன்று தடவையும் ராணி பாடிக்கொண்டே ஏறும் படிக்கட்டைச் செய்த தச்சன் நான்தான். பாட்டைக் கேட்டுத் தொடையில் தாளம் தட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு படி ஏறுகிற கணக்கு. அளவு நாடாவெல்லாம் அப்புறம்.

முதல் ராணிக்கு இருபது வயசு. பதினாறு படியைப் பாதிப் பாட்டிலேயே ஏறி, மீதிப் பாட்டை உச்சியில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று பாடினாள். இரண்டாவது ராணியும் அப்படித்தான். இரண்டு தடவையும் தோழிக் கூட்டத்தில் நின்ற என் தங்கைக்கு, மூன்றாம் தடவை ராணி வேஷமே கிடைத்தது. அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயசு, முழங்கால் வலி வேறு.

ஒத்திகையில் புது டைரக்டர் சொன்னார்: "ராணி உச்சிக்குப் போயே ஆகணும்மா. முடியலன்னா வேற ஆளைப் பாக்கணும்."

தங்கை முகம் செத்துப்போனது.

"மூணு நாள் குடுங்க சார்," என்றேன். "காலை மாத்த எனக்குத் தெரியாது. படியை மாத்தத் தெரியும்."

பாட்டுக்கு மொத்தம் முப்பத்திரண்டு தட்டு; அதே உயரத்துக்கு, பாதி உயரப் படியாக முப்பத்திரண்டு செய்தேன். தங்கை முழுப் பாட்டையும் பாடிக்கொண்டே நிதானமாக ஏறி, கடைசிச் சுரத்துக்குச் சரியாக உச்சியில் போய் நின்றாள். டைரக்டர் எழுந்துவிட்டார்.

"வேஷம் உங்களுக்குத்தாம்மா. யார் யோசனை இது?"

"எங்க அண்ணன்தான் சார். மண்டையில களிமண்ணுன்னு வாத்தியார் சொன்னாராம். மரத்தூள்னு இப்பத்தானே தெரியுது!"

ஒரு படிகூடக் கிறீச்சிடவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.