கத்தி ஏன் மழுங்கியது

சேதராப்பட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். மனைவி வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதனால் சமையல் என் பொறுப்பு.

கம்பெனியில் அட்டை வெட்டும் மெஷினின் பிளேடுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அந்தப் பழக்கம் சமையலறைக்கும் வந்தது. கத்தியைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். தொங்கவிட்ட பேப்பரில் இழுத்தால் கிழிக்காமல் வெட்ட வேண்டும். கடைசியாக இடது முன்கையில் ஓட்டிப் பார்ப்பேன். முடி உதிர்ந்தால் கூர் சரி.

அந்தக் கத்தி திடீரென்று மழுங்கத் தொடங்கியது. சாணை பிடித்து மூன்றாம் நாளே நகத்தில் வழுக்கியது. மறுபடி பிடித்தேன், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சாணைக்காரர் கல்லில் சரியாகப் பிடிக்காமல் தீப்பொறி மட்டும் பறக்கவிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். அடுத்த முறை அவர் சைக்கிள் தெருவில் நின்றதும் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

அவர் கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, வாய் பூரா வெள்ளக் கோடு மாரி மின்னுது பாரு. கூரா இருந்தா மின்னாது. காய் அரிஞ்சி இப்பிடி ஆவல. யாரோ கல்லுல வெச்சித் தேச்சிருக்காங்க."

"என் வூட்ல யாரு தேய்ப்பாங்க?"

"அத நீதான் பாக்கணும்."

வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டே பேர். அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். நான் சும்மா இருப்பது பிடிக்காமல் இப்படிக் குத்திக்காட்டுகிறாளா? என் சமையல்தான் பிடிக்கவில்லையா? கேட்க வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முருங்கை மரத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தேன். துணி துவைக்கும் கல்லின் முன் குந்தி, கத்தியின் வாயைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

அவள் பயப்படவில்லை. கத்தியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ இன்னா பண்றேன்னு மொதல்ல சொல்லு. வேல போனதிலேர்ந்து ஒரு வார்த்த பேசறதில்ல. கைய நீட்டிக்கினு கத்திய வெச்சி வெச்சி எடுக்கற. நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"கூர் பாக்கறேன்டி."

"அதுக்கு ஒடம்புதான் கெடச்சுதா?"

சிரிக்கத்தான் பார்த்தேன். அவள் கத்தியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டதும் முடியவில்லை. உள்ளே போய் பேப்பரை எடுத்து வந்து, கத்தியைக் கேட்டு வாங்கி, இப்படியும் பார்க்கலாம் என்று இழுத்துக் காட்டினேன். மழுங்கிய கத்தி பேப்பரைக் கிழித்தது. அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. திட்டுத்திட்டாக முடியில்லாமல் கிடந்த என் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கத்தரிக்காய் அரிவதற்கு ஒரு நாளில் ஐந்தாறு தடவை ஏன் கூர் பார்த்தேன் என்று அப்போதுதான் எனக்கே தோன்றியது.

அன்று மாலை இருட்டும்வரை பேசினோம். பெரும்பாலும் நான்தான் பேசினேன். அடுத்த மாதம் மண்ணாடிப்பட்டில் ஒரு ரைஸ்மில்லில் வேலை கிடைத்தது. கத்தியைச் சாணைக்குக் கொடுத்து வாங்கி வந்தது அவள்தான்.

ஆனால் இப்போதும் நான் கத்தியை எடுத்தால், பேசிக்கொண்டிருப்பவள் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.