சாயிப்புக்கு அந்த ஆஸ்பத்திரி போதாதாம்

கேரளத்து மலையடிவாரத்தில், கல்லாற்றில் எனக்கு ஒரு டீக்கடை. மாடியில் ஓர் அறை. என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, பொன்முடி மலை பார்க்க வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுகிறான். ஜீப்பும் ஓட்டுகிறான். இந்த ஊரில் எந்த வெள்ளைக்காரரும் சாயிப்புதான். அப்படி ஒரு சாயிப்பு வருஷா வருஷம் வந்து மாதக்கணக்கில் தங்குவார். அறுபது தாண்டியவர். தனியாகத்தான் வருவார். எஸ்டேட் ஆபீசில் எடுபிடியாக இருந்தபோது நான் பொறுக்கிய இங்கிலீஷில் அவரோடு பேசுவேன். அவர் ஊரில் மந்திரியும் மீன்காரனும் ஒரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்களாம். பெருமை ஒன்றும் இல்லை. வரிசை நீளம் என்று திட்டிக்கொண்டேதான் சொல்வார்.

போன மழைக்குப் பிறகு ஒரு காலையில் ஆற்றங்கரைப் புல்லில் அவரை அணலி கடித்தது. தமிழ்நாட்டில் கண்ணாடி விரியன் என்பார்கள். பாம்பை நானே பார்த்தேன். ஜீப்பில் தூக்கிப் போட்டோம்.

"தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு விடு" என்றேன்.

"அத்தான், சும்மா இரிங்க. சாயிப்பைக் கொண்டுபோய் அங்க வராந்தாவுல கிடத்தவா? நாணக்கேடு."

"உன் அக்காளை அணலி கடிச்சப்ப அங்கதானடா பிழைக்க வச்சாங்க?"

"அக்கா வேற, சாயிப்பு வேற. நீங்க லயத்துல பிறந்த ஆளு. உங்களுக்கு அது போதும்."

இவன் என்னவோ அரண்மனையில் பிறந்த மாதிரி. இவனும் அதே எஸ்டேட் கூலி லயத்தில், ஒழுகுகிற அதே தகரத்துக்குக் கீழே பிறந்தவன்தான்.

சாயிப்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவர்மெண்ட், நியரஸ்ட், கவர்மெண்ட்" என்றார். அதை நான் மைத்துனனிடம் சொன்னேன்.

"செலவை நெனச்சு பேடிக்கிறாரு. பேடிக்கண்டா, பயப்படாதீங்கனு சொல்லுங்க அத்தான். நம்ம விருந்தாளி. சிட்டியிலயே பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அவனுக்கு. அதுதான் எனக்கு ஆத்திரம். மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே தாலுக்கா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினான். நான் பின்னாலிருந்து கத்தினேன். அவன் ஹாரன் அடித்தான். சாயிப்பின் கால் அதற்குள் மரக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வீல்சேர் ஓடி வந்தது. அதோடு சரி. பாஸ்போர்ட் கேட்டார்கள். அது கல்லாற்று அறையில் கிடந்தது. இன்சூரன்ஸ் கேட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், இங்கே வெயில் கொளுத்துகிறது, அவர் ஊரில் ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. சாயிப்பின் பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் ஒரு டாக்டர் வந்தார். விஷமுறிவு மருந்து இங்கே இருப்பில்லை, கவர்மெண்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் எந்த நாடு என்று யாரும் முதலில் கேட்கவில்லை. எப்போது கடித்தது என்றுதான் கேட்டார்கள். நான் சொன்னதும் அந்தச் சின்ன வயசு டாக்டர் நிமிர்ந்து, "இத்தனை நேரம் எங்கே இருந்தீர்கள்?" என்றாள். மருந்தை ஏற்றிக்கொண்டேதான் கேட்டாள். பாஸ்போர்ட்டெல்லாம் பிறகு கேட்டார்கள்.

நர்ஸ் வந்து, "கூட்டிருப்பு ஆரு?" என்றாள். இங்கே நோயாளியோடு ஓர் ஆள் கூட இருந்தாக வேண்டும். மருந்து வாங்க, ரத்தத்தை லேபுக்குக் கொண்டு ஓட. நான் கையைத் தூக்கினேன்.

மருந்து விஷத்தைப் பிடித்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸ் செய்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களின் வீட்டுக் கஞ்சியில் எனக்கும் பங்கு கிடைத்தது. சாயிப்புக்கு எதுவும் இறங்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் செத்துப்போனார்.

நாங்கள் கல்லாறு திரும்பிய பிறகு சாயிப்பின் மகள் போனில் கூப்பிட்டாள். அழவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டாள். தாலுக்கா ஆஸ்பத்திரியில் நான் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். அன்றைக்கு அங்கே மருந்து இருந்திருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. வழியிலேயே இருந்தது, உன் அப்பா அங்கேதான் போகச் சொன்னார், நாங்கள் நிறுத்தவில்லை என்றேன்.

"ஏன்?"

அது எங்களுக்கான ஆஸ்பத்திரி, அவருக்குப் போதாது என்று நினைத்தோம் என்றேன். என் இங்கிலீஷில் அது எப்படிக் கேட்டதோ தெரியாது. லைன் போய்விட்டது.

மைத்துனன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"என்ன சொன்னா அத்தான்? நல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் முதல்ல கொண்டுபோனோம்னு பறஞ்சீங்கல்ல?"

சாயிப்பின் துணிமணியை எடுத்து வைக்க மாடிக்குப் போனேன்.