பாஸானவர்கள் வீட்டுக்கும் போன ரபியா அக்கா

ரபியா அக்காவின் மகன் போன் செய்தபோது நான் பதினோராம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், அம்மா மௌத்தாய்ட்டாங்க" என்றான். கரும்பலகையில் ஒரு கணக்கு பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாக டயாலிசிஸில் இருந்தவர். எதிர்பார்த்த சாவுதான்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். 'தாயுள்ளம்' என்று ஆளுக்கு ஒரு முறை சொன்னார்கள். அவரை அறிந்தவர்களே சொல்லட்டும், அக்காவா தாயுள்ளம்? சரியான கோபக்காரர். திருவொற்றியூரில் எங்கள் பள்ளிக்கு அலுவலக உதவியாளராக வந்தவர், தாமதமாக வரும் ஆசிரியர்களைக் கூட வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார். என்னையும்தான் கேட்டிருக்கிறார். "மணி இன்னா சார் ஆவுது? புள்ளைங்க வந்து குந்திகினு கீதுங்க" என்பார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் தோற்றவர்களின் பட்டியலை நான் அச்செடுத்துக் கொடுப்பேன். அக்கா துணைத்தேர்வு விண்ணப்பங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிடுவார். எர்ணாவூர், காத்திவாக்கம், குப்பங்கள் என்று வீடு வீடாகப் போவார். மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்க மாட்டார். "சோறு துன்னியா?" என்று கேட்பார். பிறகு விண்ணப்பத்தில் அங்கேயே கையெழுத்து வாங்கி, "நாளைக்கு பத்து மணிக்கு இஸ்கூலாண்ட வா, பாக்கி வேல கீது" என்று சொல்லிவிட்டு வருவார். அந்தத் தாளை அவசரமாக யாரும் கேட்கவில்லையே என்று ஒருமுறை சொன்னேன். "தோத்த புள்ளைக்கி நாளைக்கு ஒரு வேல இருந்தா இன்னிக்கு ராத்திரி தாண்டிடும் சார்" என்றார்.

பல வருடங்கள் அப்படித் தாண்டினோம். எங்கள் பட்டியல் சரியானது என்று நம்பியிருந்தோம்.

அப்படி ஒரு வருடம் தேன்மொழி பாஸ். காத்திவாக்கத்துப் பெண், அப்பா கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். நல்ல மதிப்பெண்தான், அவள் எதிர்பார்த்தது அதற்கும் மேலே. முடிவு வந்த காலையில் பள்ளிக்கு வந்தாள். நான் அச்செடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த விண்ணப்பங்களைப் பார்த்து, "சார், பாஸானவங்க இத எழுத முடியாதா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "பாஸானவங்களுக்கு எதுக்கும்மா? போய் வூட்ல ஸ்வீட் குடு" என்றேன். அவளும் சிரித்தாள். அக்கா அன்று முப்பத்தோரு வீடு ஏறி இறங்கினார். தேன்மொழியின் தெருவுக்கும் போனார். அவள் வீட்டைத் தாண்டித்தான் போனார். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மறுநாள் தேன்மொழி உயிரோடு இல்லை.

மதிப்பெண் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் மனதில் என்னென்ன இருந்ததோ, எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவள் கேட்ட கேள்வியை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அக்காவிடம் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "ஏன் சார் அப்பவே சொல்லல?" என்று கத்தினார். நான் அழுதேன். "அளுவாதீங்க. அடுத்த வாட்டி சிரிக்காதீங்க" என்றார். ஆறுதலாக வேறு எதுவும் அவர் சொல்லவில்லை.

தேன்மொழிக்குப் பிறகு அக்கா தோற்றவர் பட்டியலே வாங்கவில்லை; எல்லார் வீட்டுக்கும் போனார். பாஸானவர்களுக்கென்று அவரே ஒரு தாள் தயாரித்தார். பெயர், முகவரி, 'நாளை காலை பத்து மணி', கையெழுத்து. அலுவலகத்துக்கு அப்படி ஒரு தாளே தேவையில்லை. முடிவு நாள் மட்டும் என்றில்லை, மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளை என்றாலும் கிளம்பிவிடுவார். போன இடத்தில் நேராகக் கேட்பார்: "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" தலைமையாசிரியர் பதறிப்போனார். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்றார். "இல்லாத புள்ள இல்லன்னு சொல்லும் சார். கீற புள்ளைக்கி யார்கிட்டயாவது சொல்லணும்ல?" என்றார் அக்கா.

ராயபுரத்து மாணவி நஸ்ரின் அப்படித்தான் "ஆமா" என்றாள். அக்கா புத்தி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டு இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றே கூட்டிப்போய் வரிசையில் நின்றார். மாதக்கணக்கில் கூடவே போனார். அக்காவின் அடக்கத்தன்று நஸ்ரின் வந்திருந்தாள்.

ஆனால் நானூறு பிள்ளைகள், ஒரே ஒரு ரபியா அக்கா. மூட்டு வீங்கிய காலோடு எத்தனை மாடி ஏறுவார்? போன வருடம் டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே வீடுகளுக்குப் போன் செய்தார். பாதிப் பேர் எடுக்கவில்லை. "பேஜாரா கீது சார். நான் ஒருத்தி எத்தினி பேரத்தான் பாப்பேன்?" என்றார். நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

அவர் போன பிறகு வந்த முதல் முடிவு நேற்று. அக்காவின் தாள்களை எடுத்துக்கொண்டு நான் போனேன். பத்தொன்பது வீட்டுக்குத்தான் முடிந்தது. எர்ணாவூர் குடியிருப்பில் ஹேமா என்ற பெண், நல்ல மதிப்பெண். எதைச் சொன்னாலும் "சரி சார்" என்றாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். பாதிப் படியில் நின்றேன். திரும்ப ஏறிப்போய் அக்காவின் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "நாளைக்கு சொல்றேன் சார்" என்றாள்.

அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. காலைல பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வந்துடுங்க, மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். அந்த அம்மா வேலைக்குப் போகாமல் மகளோடு உட்கார்ந்துகொண்டார். காலையில் போன் செய்தேன். "வந்துகினு கீறோம் சார், ரோட்ல ஒரே கன்டெய்னர் லாரி" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு கட்டுத் தாள், கேட்க நாக்கு கூசும் ஒரு கேள்வி, சிரிக்காதீங்க என்ற ஒரு திட்டு. இவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துவிடுவேன் என்று தெரியவில்லை. மணி பத்தேகால். மேசையில் ஹேமாவின் தாள் இருக்கிறது. எழுதுவதை இப்படியே நிறுத்திவிட்டு, அவர்கள் வருகிறார்களா என்று பார்க்க வாசலுக்குப் போகிறேன்.