சனிக்கிழமை வெந்த இறக்கை

மாவு நிறுக்கும் தராசு அடுப்படியில் இல்லையென்றால் எய்லா நேரே கொட்டகைக்குத்தான் போவாள். அங்கே அவள் புருஷன் வெய்யோ அதில் போல்ட்டும் நட்டும் நிறுத்துக்கொண்டிருப்பான். இஸ்திரிப் பலகையைக் காணோமா, கொட்டகை. நல்ல கம்பளிப் போர்வையைக் காணோமா, அதுவும் கொட்டகைதான். ஊரில் மற்ற ஆண்கள் பென்ஷன் வாங்கியதும் மீன் பிடிக்கப் போனார்கள், காளான் பொறுக்கப் போனார்கள். இவன் மட்டும் பஸ் டிப்போ மெக்கானிக் வேலையை விட்டு வந்த கையோடு வானத்தில் பறக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அதுவும் வாங்கிப் பறக்க மாட்டானாம், தானே செய்து பறப்பானாம்.

முதல் குளிர்காலம் முழுக்க வரைந்தான். மிச்சம் கிடந்த சுவர்க்காகிதச் சுருள்களைத் திருப்பிப்போட்டுக் கூடம் நிறைய விரித்து வைத்திருந்தான். எய்லா தன் வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக ஒட்டி ஒட்டி நடந்தாள். பிறகு அலுமினியக் குழாயில் சட்டம் வந்தது. வால் சின்னதாகப் போய்விட்டது என்று பிரித்தான். வால் சரியானதும் உட்காரும் இடம் முன்னே தள்ளிவிட்டது என்று மறுபடி பிரித்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரே பாட்டுத்தான்: "இன்னும் ஒரே ஒரு சாமான், எய்லா. அது முடிஞ்சா பறந்துடலாம்." அந்த ஒரே ஒரு சாமான் வருஷா வருஷம் குட்டி போட்டது.

அடுத்த வீட்டு சூலோ காப்பி குடிக்க வரும்போதெல்லாம் வேண்டுமென்றே வாயைக் கிளறுவான்.

"என்ன வெய்யோ, ஹெலிகாப்டர் எந்த மட்டுல இருக்கு?"

"ஹெலிகாப்டர் இல்லடா, ஜைரோ! எத்தனை தடவை சொல்றது? அதுல மேல இருக்கிற இறக்கையை எஞ்சின் சுத்தும். இதுல காத்துதான் சுத்தும். எஞ்சின் பின்னால இருந்து தள்ளும், அவ்வளவுதான்."

"அப்ப காத்து நின்னுபோச்சுன்னா?"

"நாம போய்க்கிட்டிருக்கிற வரைக்கும் காத்து எப்படிடா நிக்கும்?"

"சரி, கோவிச்சுக்காத. உன் ஹெலிகாப்டர், உன் இஷ்டம்" என்று இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொள்வான் சூலோ. அந்த ரொட்டியைப் பிசைந்து சுட்டவளுக்குத்தான் இரண்டு பேரையும் சேர்த்து வெளியே தள்ளலாம் போலிருக்கும்.

கடைசியில் இறக்கைகள் மட்டும் பாக்கி. பைன் மரப் பட்டைகளை அடுக்கி ஒட்டி, இழைத்து, மேலே கண்ணாடியிழைத் துணி போர்த்திய இரண்டு நீள இறக்கைகள். அவை சுழல்வதில்தான் ஆளின் உயிரே தொங்கும். வெய்யோ அவற்றைக் கைக்குழந்தையைப் போல் தடவித் தடவிச் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பசை இறுக இளஞ்சூடு வேண்டும். கொட்டகையிலோ வாளித் தண்ணீரே உறைந்து கல்லாகக் கிடந்தது. அதனால் இறக்கைகளை, கல்லைக் காயவைத்து ஆவியில் குளிக்கிற சௌனா அறைக்குள் கொண்டுபோய், மேல் பெஞ்சிலிருந்து எதிர்ச் சுவர் வரை குறுக்கே கிடத்தி, அடுப்பில் இரண்டே கட்டை வைத்துச் சின்னச் சூட்டில் காயவிட்டான்.

"சனிக்கிழமைக்குள்ள எடுத்துடணும். குளிக்காம நான் இருக்க மாட்டேன்" என்றாள் எய்லா.

"எடுத்துடறேன். நானும்தான் குளிக்கணும்."

சனிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பியவள் தூரத்திலேயே பார்த்தாள், சௌனாப் புகைபோக்கியில் புகை குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. பரவாயில்லையே, இறக்கையை எடுத்துவிட்டானே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். வெய்யோ தோளில் துண்டோடு மேஜையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லாதவன் மாதிரி காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள போயிடலாம். அடுப்புக் கல்லெல்லாம் நல்லா காஞ்சிருக்கும்."

"இறக்கையை எங்க வச்ச?"

கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

வேறு எந்த ஊர்க்காரனாவது இந்த வேலையைச் செய்வானா? விவரம் தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கை தானாக விறகை எடுக்கும், அடுப்பை நிரப்பும், தீயை வைக்கும். வாசலில் நின்றபடியே அடுப்பை மூட்டியிருக்கிறான், கண்ணை மேலே தூக்கவில்லை. அப்பன் செத்த சனிக்கிழமைகூட மூட்டியவன், இறக்கைக்காகவா நிறுத்துவான்?

கதவைத் திறந்தபோது உள்ளே பசை வாடை மூச்சை அடைத்தது. ஒரு இறக்கை தப்பித்துவிட்டது. அடுப்பின் பக்கம் இருந்தது நடுவில் தொய்ந்து தொட்டில்போல் தொங்கியது. வெய்யோ அதைப் பலகையில் கிடத்தி, மேலே பாரம் ஏற்றி நிமிர்த்தப் பார்த்தான். ஆறிய பிறகு பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. எய்லா ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தாள். காலமெல்லாம் தையல் வேலை பார்த்த அவள் கண்ணுக்கு அந்த முறுக்கு தப்பவில்லை.

"முறுக்கிக்கிட்டிருக்கு."

"மயிரிழை."

"மயிரிழையோ மலையோ, கோணல் கோணல்தான். புதுசா செய்."

"புதுசா செஞ்சு முடிக்கிறதுக்குள்ள ஏரிப் பனி உருகிடும். இன்னொரு வருஷமா? எனக்கு என்ன வயசு திரும்புதா?"

எஞ்சினைப் பூட்டுவதற்கு முன்னால், ஏரிப் பனி கெட்டியாக இருக்கும்போதே, சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை மாட்டி, காருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அந்தக் காரை இந்த இறக்கையோடு ஓட்ட மாட்டேன் என்று எய்லா சொல்லிவிட்டாள். வெய்யோ பேச்சை நிறுத்தினான். அந்த வீட்டில் அது புதிதல்ல, ஆனால் சாப்பாட்டையும் பாதியில் வைத்தான். அப்போதுதான் சூலோ வந்து, "நான் இழுக்கிறேன், வெய்யோ. என் வண்டி இருக்கே" என்றான். நேரான ரோட்டிலேயே இரண்டு தரம் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிய மகராசன்! எய்லா கார்ச் சாவியை எடுத்தாள். சாகத்தான் போகிறான் என்றால் தன் கால் பிரேக்கில் இருக்கும்போதாவது போகட்டும்.

"நானே ஓட்டறேன். ஒரே ஒரு தடவை. அது எழும்பலன்னா இறக்கை ரெண்டையும் நீயே அறுத்துடணும். அடுத்த குளிர்காலத்துக்குப் புதுசா செய்."

"எழும்பிடுச்சுன்னா?"

"எழும்பிடுச்சுன்னா உன் இஷ்டம்."

அவன் கையை நீட்டினான். குலுக்கிக்கொண்டார்கள். கை குலுக்கிய பேச்சை வெய்யோ மீறினதாகச் சரித்திரம் கிடையாது. அதுவும் ஒரு தலைவலிதான்.

அன்று வெயில் பளீரென்று அடித்தது. சூலோ கொஞ்ச தூரத்தில் பனியில் வெட்டிய மீன்பிடிக் குழிக்கு மேல் குனிந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெய்யோ இறக்கையைக் கையால் சுற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணுக்குக் காற்றுக்கண்ணாடி மாட்டி, பட்டையைக் கட்டினான். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்பது சைகை. செத்தாலும் தூக்க மாட்டான் என்று எய்லாவுக்குத் தெரியும்.

அவள் மெதுவாகக் காரை எடுத்தாள். கண் பாதி பனியில், பாதி பின்கண்ணாடியில். இறக்கை வேகம் பிடித்து வட்டமாக மங்கியது. கார் கிளப்பிய பனித்தூள் அவன்மேல் மாவாகப் படிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். உடனே பின்னால் ஜைரோ முழுதும் உதற ஆரம்பித்தது. ஓட்டுகிற குச்சியைப் பிடித்திருந்த வெய்யோவின் இரண்டு கையும், தோளும், தலையும் சல்லடைபோல் ஆடின. அடப்பாவி, கையைத் தூக்கேன் என்று காருக்குள் கத்தினாள்.

அப்போது கண்ணாடியில், சறுக்குக் கட்டைக்கும் பனிக்கும் நடுவே பின்னாலிருந்த கரை தெரிந்தது. கரையில் நின்ற கறுத்த மரங்கள் ஒரு கோடாகத் தெரிந்தன. கட்டை பனியை விட்டு முழங்கால் உயரம் எழும்பியிருக்கும். கொட்டகையில் தேய்த்துத் தேய்த்துச் செய்த அந்தச் சாமான் ஆளோடு அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷம் திட்டிய திட்டெல்லாம் மறந்து, ஐயோ பறக்கிறானே என்று சந்தோஷப்பட்டாள். அடுத்த நொடி இறக்கை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. அவள் காலை எடுத்தாள். கட்டைகள் பனியில் தட்டி, கொஞ்ச தூரம் இழுபட்டு, நின்றன.

அவள் ஓடினாள். வெய்யோவின் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. அவள்தான் அதைக் கழற்றிவிட்டாள்.

"கண்ணும் தெரியல. ஆட்டத்துல ஒரு மண்ணும் தெரியல" என்றான். பிறகு அவள் முகத்தையே பார்த்தான். "எழும்புச்சா, எய்லா?"

அவர்கள் ஊர் இருந்த சாவோ சீமையில் யாரும் ஆமாம் என்றோ இல்லை என்றோ நேராகச் சொல்வது வழக்கமில்லை. இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும் என்பார்கள். கேட்டவன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம். அவளும் அப்படி ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கே எஞ்சினைப் பூட்டுவான், அந்தக் கோணல் இறக்கையோடு மரத்துக்கு மேலே போவான்.

"இல்ல" என்றாள்.

"கொஞ்சம்கூடவா?"

"இல்லன்னா இல்ல."

அவன் தலையை ஆட்டினான். இடுப்புப் பட்டையை அவிழ்த்தான்.

அன்று சாயங்காலமே கொட்டகையில் ரம்பத்தை எடுத்தான். நல்ல இறக்கையையும் வைத்துக்கொள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஜோடியாகச் செய்தால்தான் எடை நிற்கும், ரெண்டுன்னு கை குடுத்தாச்சு என்றான். அவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். மரத்தூள் அவள் காலணிமேல் கொட்டியது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் ஜென்மம் முழுக்க ஏங்கிய விஷயம் இன்று மத்தியானம் நடந்துவிட்டது, அது அவனுக்கே தெரியாது. உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லவும் வழியில்லை. ஆள் உயிரோடு எதிரே நின்று அறுத்துக்கொண்டிருந்தான், அதுவும் நிஜம்தான்.

பாதியில் ரம்பத்தை நிறுத்தினான்.

"அடுத்த குளிர்காலமும் ஓட்டுவியா?"

"ஓட்டாம? வேற எவ ஓட்டுவா உனக்கு? பேசாம அறு, கை வலிக்குது."