கிறுக்கலெல்லாம் எனக்கு

ஜெயாக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தேன். மார்கழி வந்தால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. கை ஈரமாக இருந்ததால் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. பிறகு நம் குழுவின் வாட்ஸாப்பில் பத்மநாபன் சார் போட்டிருந்ததைப் பார்த்தேன். "ஜெயலட்சுமி மேடம் காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே." அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் ஒன்றும் போடவில்லை. மீதிக் கொட்டையையும் பிதுக்கி முடித்தேன். பதினான்கு மாதமாகப் பேசாமல் இருந்தவருக்காக எந்த உரிமையில் அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மல்லேஸ்வரத்தில் தன் வீட்டு மாடியறையில் ஜெயாக்கா அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பன்னிரண்டு பேர், வாரம் ஒருமுறை கூடி, அவரவர் வாழ்க்கையில் நடந்ததை ஒரு பக்கம் எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. பக்கத்தை மடித்து மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். ஜெயாக்கா குலுக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார். கைக்கு வந்ததை உரக்கப் படிக்க வேண்டும். தன் பக்கமே தன் கைக்கு வந்துவிட்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் படிக்க வேண்டும். யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டது படிக்கட்டுக்குக் கீழே போகக் கூடாது. எல்லாம் அவர் போட்ட சட்டங்கள்தான்.

நான் போன முதல் நாள் அவரை "மேடம்" என்று கூப்பிட்டேன். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த வாய் அது. அவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த வீடு, வாசலில் இரண்டு தென்னை. உடனே கையை ஆட்டித் தடுத்தார்.

"மேடம் கீடம் எல்லாம் பேடா, வேணாம் வசந்தா. ஆபீஸோட ஆய்த்து. உங்களவிட மூணு வயசு ஜாஸ்தி எனக்கு. அக்கான்னு கூப்பிடுங்க, போதும்."

அந்த ஒரு சொல்லை அவர் வேண்டாம் என்றதுதான், நாற்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயத்தை எழுத வைத்தது. அதற்கும் எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

என் கையெழுத்து மகா மோசம். அது கையில் மாட்டியவர்கள் திணறுவதைப் பார்த்து, டப்பாவைக் குலுக்கித் திறந்ததுமே ஜெயாக்கா அந்தக் காகிதத்தை அடையாளம் கண்டு தனக்கு எடுத்துவைத்துக்கொள்வார். "கிறுக்கலெல்லாம் எனக்கு. நீங்க யாரும் கஷ்டப்பட வேணாம்" என்பார். கிறுக்கல் யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். எனக்குக் கண்புரை அறுவை முடிந்தபோது, மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி தொம்மலூருக்குத் தினமும் வந்து சொட்டு மருந்து போட்டவர் அவர். சந்துக்குள் ஆட்டோ வராது, நடந்தே வருவார். நான் படுத்தபடி சொல்லச் சொல்ல, அந்த வாரத்துப் பக்கத்தை என் நோட்டில் எழுதியவரும் அவர்தான். "இதையும் நானே கிறுக்கி வெக்கறேன். அழகா எழுதினா சந்தேகம் வந்துடும்" என்று சிரித்தார். பெற்ற மகளிடம்கூட நான் அப்படிச் சாய்ந்ததில்லை.

இனி, மூன்று வருடம் தயங்கி நானே என் கையால் எழுதிய அந்தப் பக்கத்தில் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தவள். ஒரு நாள் நான் சாப்பாட்டு கேரியரை மறந்துவிட்டுப் போக, அவள் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். சாயம் போன சேலை, வெறுங்கால். என் மேஜைக்குப் பக்கத்தில் சூப்பிரண்டென்ட் நின்றுகொண்டிருந்தார். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, கன்னடத்தில் என்னிடம் யார் இது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பதில் சொன்னாள். வேலை செய்த வீடுகளில் கற்ற கன்னடம்.

"மேடம் மனே கெலஸதவளு, சார்."

மேடம் வீட்டு வேலைக்காரி. சொல்லிவிட்டு கேரியரை மேஜை ஓரத்தில் வைத்து, என்னைப் பார்த்து, "வரேன் மேடம்" என்றாள். நான் ஃபைலைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் வீட்டில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கேரியர் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் மேடம்தான்.

வயதான பிறகு அவளுக்கு நினைவு தப்பியது. கடைசி வருடத்தில் வீட்டுக்குள்ளேயே என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். குளிப்பாட்டிவிட்டால் கூச்சப்படுவாள். ஒரு நாள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "மேடம், உங்களப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க." நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கம் அத்துடன் முடிந்தது.

ஜெயாக்கா அதைப் படித்த சனிக்கிழமை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாதியில் அவர் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் படித்தார். கூட்டம் முடிந்த பிறகு என்னை மட்டும் நிறுத்தி காபி கொடுத்தார். அவர் அம்மாவைப் பற்றி அன்றுதான் முதல்முறை பேசினார். "எங்கம்மா ஒரு நாள்கூட என் ஆபீஸ் வாசப்படிய மிதிச்சதில்ல, வசந்தா. பொம்பள வேலைக்குப் போறது அவங்களுக்கு அவமானம். கேரியர் எங்க, ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பினதில்ல." அந்தக் குரலில் இருந்தது ஏக்கம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பரிதாபப்பட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு அசடு இருக்க முடியாது.

அடுத்த வருடம் அவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டார். கையெழுத்திட்டு என்னிடம் ஒன்று கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பிரித்தேன். ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு 'மேடம்'. கேரியர், வெறுங்கால், சாயம் போன சேலை எல்லாம் அப்படியே இருந்தன. அம்மா மட்டும் அவருடைய அம்மாவாக ஆகியிருந்தாள். பாத்திரம் தேய்ப்பது போய், எளிமையான விதவைத் தாயாக மாறியிருந்தாள். ஒன்றே ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. "மேடம் மனே கெலஸதவளு" என்று அம்மா சொன்னதும், புத்தகத்தில் வருகிற மகள் நாற்காலியிலிருந்து எழுந்து, "இல்ல சார், இவங்க எங்கம்மா" என்கிறாள்.

திருட்டை விட எனக்கு வலித்தது அந்த வரிதான். "நடந்தத எழுதுங்க. நல்லவங்களாத் தெரியணும்னு எழுதாதீங்க" என்று வாரம் தவறாமல் நமக்குச் சொன்னவர் அவர். என் வெட்கத்தை எடுத்துக்கொண்டு அதில் தான் நல்ல மகளாக எழுந்து நின்றிருந்தார்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். "அது எங்கம்மா, அக்கா" என்றேன். உட்காரக்கூட இல்லை. அவர் தென்னை மரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கையெழுத்துதான் உங்களுது, வசந்தா. வாயில வெச்சுப் படிச்சது நான். நீங்க இந்த ஜென்மத்துல அத வெளிய விட்டிருப்பீங்களா?"

"விடாம இருந்தா? அது என் இஷ்டம்தானே?"

"காபி கலக்கட்டுமா?" என்றார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எதைக் காட்டிச் சொல்வது? படித்த பக்கங்களெல்லாம் அவரிடம்தான் இருந்தன. பெயர் போடாமல் எழுதி, அவர் வாயால் கேட்ட பக்கம். அடுத்த வாரம் நடந்த வெளியீட்டு விழாவில் பத்மநாபன் சார் அவரிடம், "அன்னிக்கு நீங்க தழுதழுத்தப்பவே தெரியும் மேடம், அது உங்க பக்கம்தான்னு" என்று சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் கூட்டத்துக்கு வராமல் நின்றபோது, வசந்தாவுக்குப் பொறாமை என்று பேசிக்கொண்டீர்கள். அதுவும் என் காதுக்கு வந்தது. என் மகள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு அம்மா இருந்திருக்காங்க பாரு" என்று போனில் அழுதாள். அவள் பிறப்பதற்கு முன்பே என் அம்மா இறந்துவிட்டாள். அது உன் பாட்டி என்று சொல்ல வாய் வரை வந்தது. புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து விழுங்கினேன். என் அம்மாவை என் மகளிடமே சொல்ல முடியாமல் செய்துவிட்டுப் போனவரை நான் எப்படி நினைவுகூர்வது?

பத்தாம் நாள் அவர் மகன் கார்த்திக் போன் செய்தான். வைட்ஃபீல்டில் அவன் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட் ஹாலில் நினைவுக் கூட்டமாம்.

"ஆன்ட்டி, அம்மா புக்ல அந்த மேடம் சாப்டர நீங்க வந்து படிக்கணும். எங்க பாட்டிய நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன். அதப் படிச்சப்புறம்தான் அவங்க மேல எனக்குப் பாசமே வந்துது."

"நான் எதுக்குப்பா?"

"உங்க குரூப்ல ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர்தானே படிப்பீங்க? அம்மா சொல்லியிருக்காங்க."

மெட்ரோவில் போகும்போது முடிவு செய்திருந்தேன். எல்லோர் முன்னாலும் நின்று, இது என் அம்மா என்று சொல்லிவிட வேண்டும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஹாலில் நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தீர்கள். மாலை போட்ட படத்தில் ஜெயாக்கா சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் பக்கத்தில் கார்த்திக் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், நான் என் அம்மாவைத் திருப்பி எடுத்தால் அவனுக்குப் பாட்டி இல்லாமல் போவாள் என்று தோன்றியது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.

என் பக்கம் என் கைக்கே வந்திருந்தது. சட்டப்படி முகத்தில் காட்டிக்கொள்ளாமல் படித்தேன். சூப்பிரண்டென்ட் யார் என்று கேட்டார். அம்மா பதில் சொன்னாள். அடுத்தது அவர் சேர்த்த வரி. அதை விட்டுவிட்டுத் தாண்டிப் போகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை. "இல்ல சார், இவங்க எங்கம்மா" என்று சொன்னேன். மைக் இருந்தும் கத்திவிட்டேன் போலிருக்கிறது, பின்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதது. நாற்பது வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை அன்றுதான் என் வாய் முதல்முறை சொன்னது.

எல்லாம் முடிந்து செருப்பு போடும்போது கார்த்திக் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, நீங்க புக்கப் பாக்காமலே படிச்சீங்க."

அவன் கண் நிறைந்திருந்தது. "அம்மா பீரோவுல ஒரு பழைய பேப்பர் இருக்கு. யாரோட கையெழுத்துன்னே புரியாது. கிறுக்கலா இருக்கும், மேடம்ங்கற வார்த்தை மட்டும்தான் புரியும். நீங்கதானா?" என்றான். தலையை ஆட்டினேன். "எழுதிடுங்க ஆன்ட்டி. உங்க பேர் போட்டு" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் அம்மா பெயர் முனியம்மாள். தொம்மலூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அவள் மகள் நான், வசந்தா. இந்த முறை பெயர் போட்டுவிட்டேன்.

ஜெயாக்காவை நான் மன்னிக்கவில்லை. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் இன்னொரு முறை அவர் வீட்டு மாடி ஏறிச் சண்டை போட்டிருப்பேன், அந்தக் காபியையும் குடித்திருப்பேன். அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை எடுத்துக்கொண்டதாகவே எழுதி வைக்கிறேன். ஆனால் அவர் சேர்த்த அந்த ஒரு வரி என்னுடைய பக்கத்தில் இல்லாதது. அதை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். இல்ல சார், இவங்க எங்கம்மா.