தம்பியிடம் வாங்கிய கையெழுத்து

ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் எங்கள் ஆடிட்டிங் ஆபீஸ் ஆட்கள் சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போவார்கள். களிமண் தட்டை வானத்தில் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டு. நானும் ஒட்டிக்கொண்டேன், சொந்தமாக ஒரு துப்பாக்கியும் வாங்கினேன். புடவைக் கடைக்கே சோம்பல் படுகிறவள் துப்பாக்கிக் கடைக்குப் போகிறாளே என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். தட்டு உடையும்போது வந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

சில வருடங்களில் தோள்பட்டை மக்கர் பண்ணியது. டாக்டர் இனிமேல் சுட வேண்டாம் என்றுவிட்டார். விற்றுவிடலாம் என்று நினைத்தபோது நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி, "எனக்கே குடுத்துடுக்கா, நான் வாங்கிக்கறேன்" என்றான். அந்த மாநிலத்தில் துப்பாக்கி வாங்குவதற்கான அனுமதி அட்டை அவனிடம் ஏற்கெனவே இருந்தது.

"என் ஃப்ரெண்டு ஃபேமிலி அடுத்த வாரம் ஆஸ்டின்லேருந்து டிரைவ் பண்ணி வர்றாங்க. அவங்க கார்ல போட்டு அனுப்பிடேன்."

நம் ஆட்களின் வழக்கம் இது. மாத்திரை, முறுக்கு, நகை, எதுவானாலும் அந்தப் பக்கம் போகிறவர் கையில் திணித்துவிடுவோம். துப்பாக்கி அந்தக் கணக்கில் வராது என்றேன். வேறு மாநிலத்தில் இருப்பவர் கூடப்பிறந்தவராகவே இருந்தாலும் அவருக்கு நேராக விற்க முடியாது. அவர் ஊரில் லைசென்ஸ் உள்ள கடைக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் வாங்குகிறவரின் பின்னணியை விசாரித்து முடித்து அவரிடம் கொடுப்பார்.

அதற்குக்கூட ஒத்துக்கொண்டான். விற்றதற்கு அத்தாட்சியாக ஒரு தாளில் கையெழுத்து கேட்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கிட்டயே சைன் கேக்கறியா? நான் என்ன ஊரைவிட்டு ஓடியா போகப்போறேன்?"

"யாருக்கு வித்தாலும் ரெக்கார்ட் வெச்சுப்பேன்டா. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னத்தக் காட்டறது?"

"உன் ஆடிட்டிங்கையெல்லாம் ஆபீஸோட வெச்சுக்கோ."

கையெழுத்திட்ட தாள் வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லை. அதையும் கடையின் லைசென்ஸ் நகல், சீரியல் நம்பர், தபால் ரசீது, கடைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி ஆகியவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்தேன். அதன்பிறகு தம்பியின் பேச்சு நின்றுபோனது. தீபாவளிக்கு வாட்ஸப்பில் ஒரு விளக்குப் படம், அவ்வளவுதான். எனக்கும் வீம்பு. கேட்கக் கூடாததை நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று பதிலுக்கு நானும் ஒரு படமே அனுப்பினேன். உள்ளுக்குள் வலித்தது.

போன வருடம் ஒருநாள் வாசலில் இரண்டு அதிகாரிகள் வந்து நின்றார்கள். ஏதோ ஒரு கும்பலைப் பிடித்தபோது ஒரு துப்பாக்கி கிடைத்திருக்கிறது. சீரியல் நம்பரை வைத்துத் தேடியதில், கடையில் அதை முதலில் வாங்கியவள் நான் என்று தெரிந்திருக்கிறது. அதை யாரிடம் கொடுத்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

உள்ளே போய்க் கவரை எடுத்தேன். என்னைக் காப்பாற்றப் போகிற தாளில் என் தம்பியின் பெயரும் விலாசமும் இருந்தன. நானே அடம்பிடித்து வாங்கிய கையெழுத்து. அலமாரி முன்னால் நின்றபடியே அழுதுவிட்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்தேன். படம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிக் கிளம்பினார்கள்.

கதவைச் சாத்தியதும் தம்பியை ஃபோனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது இங்கதானே இருக்கு, பேஸ்மெண்ட்ல" என்றபடி படியிறங்கினான். பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"காணோம்க்கா. பேஸ்மெண்ட் ஜன்னலையும் துப்பாக்கிப் பெட்டிப் பூட்டையும் உடைச்சிருக்காங்க. நாங்க இந்தியா போயிருந்தப்ப நடந்திருக்கும். வந்ததுலேருந்து நான் கீழ எறங்கவே இல்ல."

"இப்பவே நீயா போலீசுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடு. அவங்க உன்னைத் தேடி வருவாங்க. நான்தான்டா உன் பேரைக் குடுத்தேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"அத விடு. உன்னை ஒண்ணும் பண்ணலியே?" என்றான். "வீட்ல தனியாவா இருந்தே?"