பின்னாலிருந்து பிடித்தால்

கராத்தே வகுப்பில் உயரம் பார்த்து வரிசை நிறுத்துவதில்லை. இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டின் நிறம் பார்த்துத்தான். அதனால் முப்பத்தெட்டு வயது வேல்விழிக்குக் கடைசி வரிசையில், இரண்டாம் வகுப்பு படிக்கும் பாஜிலாவுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்தில் அவள் மகள் அபிதா, பத்தாம் வகுப்புப் பிள்ளை. இரண்டு பேருக்கும் வெள்ளை பெல்ட். முடிச்சுப் போடத் தெரியாமல் அதைப் பாவாடை நாடா மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள் தாய்க்காரி.

ஜெயசிங் மாஸ்டர் பகலில் கூரியர் பார்சல் கொண்டு போகிறவர். சாயங்காலமானால் ராஜபாளையம் ரோட்டை ஒட்டிய காலி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பார். நல்ல மனிதர்தான், ஆனால் உதட்டை மறைக்கிற அளவுக்கு மீசை. "இச்சி, நி, சான்" என்று அவர் ஜப்பான் பாஷையில் எண்ணும்போது வேல்விழிக்கு மீசை ஆடுவது மட்டுமே தெரிந்தது. பதினெட்டு வருஷமாக விசைத்தறியில் நிற்கிறவள் அவள். ஒரே கூரைக்குக் கீழே அத்தனை தறி ஓடுகிற கூடத்தில் யார் பேசினாலும் காதுக்கு வராது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, கையைப் பார்த்துத்தான் பதில். ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமென்றால் பின்னால் போய்த் தோளில் தட்ட வேண்டும். அங்கே போய்ப் பெயர் சொல்லிக் கத்துகிறவளைப் பார்த்தால் சிரிப்பார்கள். வருஷம் ஆக ஆக வெளியிலும் காது மந்தமாகிவிட்டது. மாஸ்டர் வாயைப் பார்த்துப் பயனில்லை என்று ஆனதும், பாஜிலா எந்தக் கையைத் தூக்குகிறாளோ அந்தக் கையைத் தூக்கினாள். பாஜிலாவோ இடது வலது தெரியாத பிள்ளை. இரண்டு பேரும் சேர்ந்தே தப்புச் செய்தார்கள்.

"என்னட்டி வேலு, சினிமாவுல சண்டை போடவா போறே?" என்று தெருவில் கேட்டார்கள். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். பிறகு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லவா முடியும்?

உண்மை இதுதான். ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம், டியூஷன் விட்டு, வேல்விழி வேலை பார்க்கும் தறிக்கூடத்துச் சந்து வழியாக வந்த அபிதாவை எவனோ பின்னாலிருந்து பிடித்தான். வாயைப் பொத்தினான். பிள்ளை அவன் கையைக் கடித்துவிட்டுத் தப்பி ஓடி வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வேல்விழி வீட்டுக்கு வந்தபோது அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சந்துல ஒருத்தன் பிடிச்சான், கடிச்சிட்டு ஓடியாந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகவில்லை. பேச்சும் தொண்டையைத் தாண்டாத பேச்சாகிவிட்டது. காது மந்தமான தாய்க்கு அதில் பாதி கேட்பதில்லை. திரும்பக் கேட்டால் பிள்ளை பதில் சொல்வதில்லை.

அப்பா வீரபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு நாள் அந்தச் சந்தில் போய் நின்று பார்த்தான். போகிறவன் வருகிறவன் கையில் எல்லாம் பல் தடம் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. போலீசுக்குப் போவோம் என்று வேல்விழி சொன்னபோது, "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" என்று வாயை அடைத்துவிட்டான். அவன் கண்ட வழி வேறு. மேலநீலிதநல்லூரில் அவன் அக்காள் வீடு இருக்கிறது.

"காலாண்டு லீவு முடியுறதுக்குள்ள பிள்ள பள்ளிக்கூடம் போறதுன்னா போட்டும். இல்லன்னா அக்கா வீட்டுல கொண்டு விட்டுருதேன். கொஞ்ச நாளைக்கு அங்கன இருக்கட்டும்."

கொஞ்ச நாளைக்கு என்ற பேச்சு வேல்விழிக்குப் புதிதில்லை. அவளையும் ஒன்பதாம் வகுப்பில் கொஞ்ச நாளைக்கு என்றுதான் நிறுத்தினார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அந்த நாட்களில் அவள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருக்கும். அடுப்படியில் அபிதா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தறிக்காரிக்கு வாய் முந்தாது, கைதான் முந்தும். பின்னால் போய்த் தோளில் தட்டிவிட்டாள். தட்டு விழுந்தது. பிள்ளை வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்படியே சரிந்து தொட்டிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். "அம்மாட்டி, அம்மாதான்" என்று வேல்விழி தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முதல் வீட்டுக்குள்ளும் சுற்றிக்கொண்டு போய் மகளின் முன்னால் நின்றுதான் பேசினாள்.

வாந்தி என்று மட்டும் சொல்லி டாக்டரிடம் காட்டிவிட்டு லோடு ஆட்டோவில் திரும்பும்போது, மைதானத்தில் பிள்ளைகள் காலைத் தூக்கி உதைப்பதை அபிதா தலையைத் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் எதையாவது பார்த்தது அதுதான். வேல்விழி அதைப் பிடித்துக்கொண்டாள். முழுகுகிறவளுக்குக் கையில் கிடைத்ததெல்லாம் கட்டைதானே! மறுநாள் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை மைதானத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கெஞ்சிக் கேட்டபோது, "நீயும் நின்னா நிக்கேன்" என்று உதடு அசைந்தது. அப்படித்தான் வேல்விழி கராத்தேயில் சேர்ந்தாள். தன் தறியைச் சாயங்காலத்துக்கு அடுத்தவளிடம் விட்டுவிட்டு வந்தாள். ரோட்டில் நடக்க அபிதா மாட்டேன் என்பதால் வீரபாண்டி கொண்டுவந்து விடுவான். ஆனால் மைதானத்துக்குள் கால் வைக்க மாட்டான். பெண்டாட்டி வெள்ளைச் சட்டையில் காலை உதறுவதைப் பார்க்க அவனுக்கு வெட்கம். எதிர்ச்சாரியில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பான்.

முதல் வாரம் அவளால் மாடிப்படி இறங்க முடியவில்லை. தறிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற கால் என்று பெருமைப்பட்டவள், குதிரை மேல் உட்காருகிற மாதிரி முட்டியை மடக்கி நிற்கச் சொன்னதும் அரை நிமிஷத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்தன. அவளும் சிரித்தாள். அபிதா சிரிக்கவில்லை.

கையும் காலும் பிள்ளைக்கு நன்றாகவே வந்தன. வராதது சத்தம். ஒவ்வொரு குத்துக்கும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்பது அந்த வித்தையில் சட்டம். "பாதி அடி கையில, பாதி அடி சத்தத்துல" என்பார் மாஸ்டர். வேல்விழி கத்தினால் வேப்ப மரத்துக் காக்காய் பறக்கும். பாஜிலா காதைப் பொத்திக்கொண்டு, "ஆன்ட்டி, மெதுவா!" என்பாள். அபிதாவின் வாய் மட்டும் பூட்டியே இருந்தது.

"பாப்பாக்குக் கூச்சம் போல, போவப் போவ சரியாயிரும்க்கா" என்று அவள் காதுப் பக்கம் வந்து உரக்கச் சொன்னார் மாஸ்டர். அவருக்கு விஷயம் தெரியாது. சொல்லக்கூடாது என்று வீரபாண்டி சத்தியம் வாங்கியிருந்தான்.

போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்க அவளிடம் நாள் ஏது? கோமதியம்மன் சந்நிதியில் விழுந்து அழுதாள். நோய் தீரும் என்று அங்கே கொடுக்கிற புற்றுமண்ணைக் கொண்டுவந்து பிள்ளையின் தொண்டையில் பூசினாள். ஒருநாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்கு இந்த ஒரு பிள்ளதான தாயே" என்று வாய்விட்டுக் கேட்டாள். லீவு கரைந்துகொண்டிருந்தது. வீரபாண்டி அக்காளுக்குப் போன் போட்டுவிட்டான். பரணிலிருந்த பையையும் இறக்கிவிட்டான். பை கட்டில் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அபிதா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போனாள்.

லீவின் கடைசி நாள் வகுப்பில் மாஸ்டர் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கையைத் தட்டி உரக்கச் சொன்னார். "இன்னைக்குப் புதுசு. பின்னாலருந்து ஒருத்தன் பிடிச்சா என்ன செய்யணும்? யாரு வாரீங்க? அபிதா, நீ வா, நான் பிடிக்கேன்."

அபிதா இரண்டடி பின்னால் போனாள். முகத்தில் ரத்தம் இல்லை. வேல்விழி மாஸ்டரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போய்விடலாம். போனால் நாளைக் காலையில் மேலநீலிதநல்லூர்.

"மாஸ்டர், நான் பிடிக்கேன்" என்றாள்.

மகளுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "அம்மா கை மக்கா. நல்லாப் பாத்துக்கோ. அம்மாதான் பிடிக்கப் போறேன்." அபிதா தலையாட்டினாளா, நடுங்கினாளா என்று தெரியவில்லை. வேல்விழி பின்னால் போனாள். கண்ணை மூடிக்கொண்டு, பெற்ற பிள்ளையை எவனோ பிடித்த மாதிரிப் பிடித்தாள்.

பிள்ளையின் உடம்பு கட்டையானது. "காலை மிதி, முழங்கையால விலாவுல குத்து, கத்து!" என்றார் மாஸ்டர். ஒன்றும் நடக்கவில்லை. கைக்குள் அவள் இதயம் மட்டும் படபடவென்று அடித்தது. வேல்விழிக்குத் தாங்கவில்லை. விட்டுவிடலாம் என்று கை தளர்ந்தது. தளர்ந்த கையை அவளே திரும்ப இறுக்கினாள். என்ன பாவம் வந்தாலும் எனக்கு வரட்டும் என்று இறுக்கினாள். "கத்துட்டி" என்று காதோரம் சொன்னாள். "எங்கண்ணுல்லா, கத்துட்டி!"

முழங்கை விலாவில் இறங்கியது. வேல்விழிக்கு மூச்சு நின்றது. அபிதா திரும்பினாள். அதற்குமேல் அவள் அடித்ததெல்லாம் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அடி இல்லை. நெஞ்சிலும் தோளிலும் வாயிலும் கண்மண் தெரியாமல் விழுந்தது.

"ஏன் வரல? ஏன் வரல நீ?"

மைதானம் முழுக்க நின்றுவிட்டது.

"ஒங் கூடத்துக்குத்தான ஓடியாந்தேன்! தகரக் கதவப் போட்டுத் தட்டுனேன்! ஜன்னல்ல ஏறிப் பாத்தேன், நீ அங்கனதான் நின்ன! அம்மா அம்மான்னு கத்துனேன், நீ திரும்பவே இல்ல! அவன் திரும்ப வாரான், நீ திரும்பவே இல்ல!"

வேல்விழிக்கு இது தெரியாது. சந்து என்றால் தறிக்கூடத்துக்கு எட்டத்தில் இருக்கும் சந்துமுனை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்திருக்கிறாள். எந்த இழை, எந்தத் தறி என்றுகூட நினைவில்லை. அவளுக்கு அது எல்லா நாளையும் போல ஒரு நாள். மாஸ்டர் விலக்கிவிட ஓடிவந்தார், கையை நீட்டி அவரை நிறுத்தினாள். அடியைத் தடுக்க அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்தான். தடுக்கவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"கேக்கலட்டி மக்கா. சத்தியமா எனக்குக் கேக்கல."

"கேக்காதுன்னு எனக்குத் தெரியும்!" அபிதாவின் குரல் கீச்சிட்டு உடைந்தது. "தெரிஞ்சும் கத்துனேன்!"

அதற்குள் ரோட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, செருப்பில்லாமல் ஓடிவந்தான் வீரபாண்டி. கையில் வண்டி ஸ்பேனர். "யாரு? எவன்லே அது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சின்னப் பிள்ளைகள், மீசைக்கார மாஸ்டர், உதடு கிழிந்து நிற்கும் பெண்டாட்டி. அடிக்க அங்கே யாரும் இல்லை. மூச்சு வாங்கியது.

"என்ன மக்கா? என்ன ஆச்சு?"

அபிதா அவனைப் பார்த்தாள். கை இன்னும் முஷ்டியாகவே இருந்தது.

"ஒங்களுக்குக் கேட்டுச்சாப்பா?"

"வண்டிகிட்ட நின்னேன். கேட்டுச்சு. அதான் ஓடியாந்தேன்."

"ரோட்டுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா மக்கா. அங்கனயே கேட்டுச்சு."

அபிதா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, ஊருக்கே கேட்கிற குரலில், "நான் அத்த வீட்டுக்குப் போவ மாட்டேன்" என்றாள். வேல்விழிக்கு அந்த வார்த்தைகளுக்கு உதட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, மகளுக்கு முன்னால் வந்து நின்று, சரி என்று தலையாட்டினான்.